முள் பச்சையில்தான் நின்றது

முகத்துக்குப் பவுடர் பூசி யாரும் பார்த்திராத பெண்ணுக்குப் பவுடரக்கா என்று பெயர் வந்துவிட்டது. தீயணைக்கும் சிலிண்டர்களில் மஞ்சள் பவுடர் அடைக்கிற பட்டறையில் அவளுக்கு வேலை. அந்தப் பவுடர் மாவைவிட நைசானது. புருவத்தில் உட்காரும், காது மடலுக்குப் பின்னால் உட்காரும், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் நமக்கு முன்னால் அது உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் சற்றுத் தள்ளிக்கொள்வார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. கையை வீசி உட்கார இடம் கிடைத்தது.

அவளுக்கு வருத்தமெல்லாம் வேறு மாதிரி. திருகாணியைக் கோணலாக முடுக்கினால் வருத்தம். சாக்கின் வாயை மூடாமல் போனால் வருத்தம். குழாயைத் திறந்துவிட்டுக் கதை பேசப் போகிறவர்களைக் கண்டால் வயிற்றெரிச்சல். "உலகத்துல பாதி வேலை ஏற்கெனவே பண்ணின வேலையைத் திருப்பிப் பண்றதுதான்" என்று நாளுக்கு நாலு தடவையாவது சொல்லித் தலையில் அடித்துக்கொள்வாள். வீட்டிலும் அதே பல்லவி. பிரிட்ஜ் பழுதுபார்க்கிற கணவர் அதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போய், மனைவி வாயைத் திறந்தாலே "சரிம்மா" என்று முன்கூட்டியே சொல்லப் பழகியிருந்தார்.

பட்டறையில் வேலை இப்படி நடக்கும். பழைய சிலிண்டர் வரும். தலையைக் கழற்றி, கட்டி தட்டிப்போன பழைய பவுடரைக் கொட்டி, உள்ளே ஈரம் போகக் காயவைத்து, புதுப் பவுடரை நிறுத்துப் போட்டு, தலையை மூடி வரிசையில் வைப்பது பவுடரக்காவின் பொறுப்பு. வேன்காரர் வந்து கேஸ் ஏற்றுவார். கேஸ் ஏறியதும் தலையிலுள்ள சின்ன மீட்டரில் முள் நகர்ந்து பச்சைக்கு வரும். பிறகு அவரே வண்டியில் அடுக்கி, கடைகடையாகக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிவிட்டு வருவார். ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கவேண்டும். இன்ன மாதம் நிரப்பிச் சரிபார்த்தது என்று எழுதி, கீழே சரிபார்த்தவர் கையெழுத்து. கையெழுத்து அவளுடையது.

முறைப்படி, எல்லாம் முடிந்தபின் கட்டவேண்டிய அட்டை அது. பவுடரக்கா அதை முதலில் கட்டுவாள். காரணம் எளிது. பவுடர் அப்பிய விரலால் எழுதினால் மை பரவும், அட்டை மஞ்சளாகும். புது அட்டையே பழசு மாதிரி இருக்கிறது என்று கடைக்காரர்கள் முகம் சுளித்துத் திருப்பி அனுப்புவார்கள். அதனால் காலையில் வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைய வரிசைக்கெல்லாம் எழுதி, கம்பியில் கோத்து, முடிச்சு ஒரே பக்கம் பார்க்கும்படி கட்டிவிட்டுத்தான் தலையைக் கழற்றவே தொடங்குவாள். பட்டறையில் எல்லோருக்கும் இது தெரியும். காலையில் அட்டை கட்டிய வரிசை சாயங்காலத்துக்குள் நிரம்பாமல் இருந்ததில்லை. ஆகவே யாரும் அதைத் தவறென்று நினைத்ததும் இல்லை.

ஒரு நாள் பவுடர் லாரி வரவில்லை.

வரும் வரும் என்று பார்த்துவிட்டு, காலி சிலிண்டர்களுக்குள் ஈரக்காற்று இறங்கக்கூடாதே என்று தலைகளை மட்டும் மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் வந்தால் வரிசை நின்ற இடம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. வேன்காரர் வாசலில் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்கய்யா என் வரிசை?"

"போயாச்சுக்கா. காலையில சீக்கிரமே வந்து கேஸ் ஏத்தி, ஜவுளிக்கடையில மாட்டிட்டே வந்துட்டேன். என் சுறுசுறுப்பைப் பாத்தீங்களா?"

"அதுல பவுடரே போடலய்யா!"

"அட்டை தொங்குச்சே!"

"அட்டை தொங்கினா? தூக்கும்போது உன் கைக்குத் தெரியலயா, வெறும் காத்து மாதிரி இருக்குன்னு?"

"தெரிஞ்சுதுக்கா. எனக்கு உடம்பு தேறிடுச்சு போலன்னு நினைச்சேன்."

பவுடரக்கா அவரோடு அதற்குமேல் பேசவில்லை. நேரே முதலாளியின் கண்ணாடி அறைக்குள் போனாள். முதலாளி அவளைவிட வயதில் சின்னவர், எப்போதும் ஒரு காதில் போன். நடந்ததைச் சொன்னதும் போனை மூடிக்கொண்டு, "ஐயய்யோ" என்றார். "முள்ளு?"

"முள்ளு பச்சையிலதான் நிக்கும் சார். அது கேஸைத்தானே காட்டும். பவுடர் இருக்கா இல்லையான்னு முள்ளுக்கு எப்படித் தெரியும்?"

முதலாளி அவளை ஒரு கணம் பார்த்தார். "பதறாதீங்கக்கா. நான் பாத்துக்கறேன். சொல்லித் திருப்பி எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்றார்.

திருப்பி வரவில்லை. மறுநாள் கேட்டாள், கடைக்காரர் ஊரில் இல்லை. அடுத்த வாரம் கேட்டாள். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. அதற்கடுத்த வாரம் முதலாளி, "அது அன்னிக்கே முடிஞ்சுபோச்சேக்கா" என்று போனைக் காதுக்குக் கொண்டுபோனார்.

அதன்பின் வரிசைகள் நடக்கத் தொடங்கின. காலையில் அட்டை கட்டிவிட்டு நிரப்பிக்கொண்டே வருவாள். சாப்பிட்டுத் திரும்பினால் பழைய பவுடரைக் கொட்டிக் காயவைத்து இன்னும் நிரப்பாத கடைசிப் பாதி காணாமல் போயிருக்கும். "அவசரம்னு கேட்டாங்க, சும்மா மாட்டிவைக்கத்தான். நாளைக்கு மாத்திடுவோம்" என்பார் முதலாளி. ஒரு தடவை லாட்ஜ், ஒரு தடவை பல் ஆஸ்பத்திரி, ஒரு தடவை சினிமா தியேட்டர். நாளைக்கு என்பது வரவே இல்லை. மூலையில் பவுடர் மூட்டைகளின் அடுக்கு மட்டும் அதிகம் குறையாமல் குத்துக்கல் மாதிரி நின்றது. முன்பெல்லாம் அது வாரத்துக்கு வாரம் இளைக்கும். பவுடரக்கா ஒவ்வொரு தடவையும் முணுமுணுத்தாள், சத்தம் போட்டாள், வேன்காரரைத் திட்டினாள். மறுநாள் காலை கையைக் கழுவிக்கொண்டு அட்டை கட்ட உட்கார்ந்தாள்.

ஜவுளிக்கடையில் சோதனைக்கு வந்த தீயணைப்பு அதிகாரி ஒரு சிலிண்டரைச் சுவரிலிருந்து இறக்கினார். கனமாக இருக்கும் என்று எதிர்பார்த்துத் தூக்கியவர் பின்னால் சாய்ந்தார். பிடியை அழுத்தினால் புஸ்ஸென்று காற்று வந்தது. கழுத்தில் அட்டை, அட்டையில் கையெழுத்து. விஷயம் போலீசுக்குப் போயிற்று. பவுடரக்காவை வாக்குமூலம் கொடுக்க வரச்சொல்லி ஆள் வந்தது.

அன்று சாயங்காலமே முதலாளி அவள் வீட்டுக்கு வந்தார். அதுவரை வந்ததில்லை. முன்னறையில் கணவர் பழுதுக்குக் கொண்டுவந்திருந்த பிரிட்ஜ் ஒன்று கதவில்லாமல் நின்றது. முதலாளி அதை ஒட்டி உட்கார்ந்தார். எதிரே அவள் கொழுந்தன். இவனுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். சட்டப்படிப்பில் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு பாடம் இவனை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். படிப்பு முடியாவிட்டாலும் ஆலோசனை தடையில்லாமல் வரும்.

"அக்கா, நான் பொய் சொல்லச் சொல்லல" என்றார் முதலாளி. "நடந்ததைத்தான் சொல்லச் சொல்றேன். அட்டையை முதல்ல கட்டுவீங்க. அன்னிக்கு லாரி வரல. வேன்காரன் பாக்காம எடுத்துட்டுப் போயிட்டான். இது உண்மையா இல்லையா?"

"உண்மைதான் சார்."

"அவ்வளவுதான் சொல்லணும். ஜவுளிக்கடை சிலிண்டரெல்லாம் நேத்தே மாத்திக் கொடுத்தாச்சு. கை தவறினதுக்கு ஜெயில் கிடையாது. உங்க வேலை உங்களுக்கு, என் பட்டறை எனக்கு."

"உங்ககிட்ட வந்து சொன்னேனே?"

"அது எதுக்குக்கா நடுவுல?"

கொழுந்தன் தொண்டையைச் செருமினான். அவனுக்கு இப்படியொரு சந்தர்ப்பத்துக்காகத்தான் இத்தனை வருடம் படித்தோம் என்று தோன்றியிருக்கவேண்டும். "அண்ணி, சட்டத்துல குத்தம்னா ரெண்டு சேரணும். கை செஞ்சிருக்கணும், மனசும் கூட இருந்திருக்கணும். வெறும் கை மட்டும்னா அது தப்பு, பிசகு, அபராதத்தோட போயிடும். மனசு மட்டும்னா அதுக்குக் கேஸே இல்ல. நினைச்சதுக்கெல்லாம் புடிச்சா ஊரே உள்ளதான் இருக்கணும். ரெண்டும் ஒரே நேரத்துல சேர்ந்தாத்தான் குத்தம்."

"ஒரே வேலை, ஒரு நாள் தப்பு, இன்னொரு நாள் குத்தமா?"

"ஆமா அண்ணி! தெரியாம பண்ணினா தப்பு. தெரிஞ்சப்புறம் அதையே பண்ணினா குத்தம். அதான் அண்ணி அழகு."

"அழகு!" என்றாள் பவுடரக்கா.

"கம்பெனி விஷயத்துல இன்னும் நுணுக்கம். கம்பெனிக்குன்னு தனியா மனசு கிடையாது பாருங்க. அதை யார் நடத்தறாங்களோ அவங்க மனசுதான் கம்பெனி மனசு."

"அப்ப கம்பெனி மனசுக்கு ரொம்ப வேர்க்குது. எந்திரிச்சு அந்த ஃபேனைப் போடு."

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பவுடரக்கா அவர் பக்கம் திரும்பினாள். "சரி சார். லாட்ஜ்ல மாட்டினது?"

"எந்த லாட்ஜ்?"

"பல் ஆஸ்பத்திரி? தியேட்டர்? அதையும் மாத்தியாச்சா?"

"அதைப் பத்தி யாரும் கேக்கலயேக்கா."

"நான் கேக்கறேனே!"

"இப்ப போய் அதை எடுத்தா, எதுக்கு எடுக்கறேன்னு கேக்க மாட்டாங்களா? கொஞ்சம் அடங்கட்டும். ஒவ்வொண்ணா மாத்திடுவோம்."

"நாளைக்கு?" என்றாள் அவள்.

முதலாளி எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "நீங்க தெரியும்னு சொன்னா உங்களுக்கும் சேர்த்துத்தான்க்கா. அட்டையில என் கையெழுத்து இல்ல" என்றார். மிரட்டல் மாதிரி சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

அவர் போனதும் கொழுந்தன் பிடித்துக்கொண்டான். "அண்ணி, அருமையான கேஸ். மனசே இல்லன்னு தூக்கிப் போட்டுடலாம். நீங்க ஜவுளிக்கடையோட நிறுத்திக்கணும். லாட்ஜுன்னு வாயைத் திறந்தீங்க, எப்பத் தெரியும்னு கேப்பாங்க. எப்பத் தெரியும்னு சொன்னீங்க, மனசு வந்துடும். மனசு வந்தா முடிஞ்சுது."

"அந்த லாட்ஜுக்கு நான் போயிருக்கேன், தம்பி. கொக்கி கழண்டுச்சுன்னு மாட்டப் போனேன். ஒரே ஒரு படிக்கட்டு. ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா ஒருத்தர் பின்னால ஏறணும். படுத்துத் தூங்கறவங்க தலைமாட்டுல காத்தை மாட்டி வெச்சிருக்கோம்."

"நாம மாட்டல. அவர் மாட்டினாரு."

"நீ சட்டம் படிச்சு என்னத்தைக் கிழிச்ச! மனசுல என்ன இருந்துச்சு, மனசுல என்ன இருந்துச்சுன்னு ஆளாளுக்குத் தோண்டறீங்களே, சிலிண்டருக்குள்ள என்ன இருக்குன்னு ஒருத்தனும் கேக்கலயே."

கணவர் பிரிட்ஜின் பின்பக்கத்திலிருந்து தலையை நீட்டினார். இருபக்கமும் பார்த்தார். "சரிம்மா" என்று சொல்ல வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, "உனக்கு வேலை போயிடும்" என்றார்.

"தெரியும்."

"கேஸும் வரும்."

"அதுதான் உங்க தம்பி வாசிச்சானே."

"அப்ப யோசிச்சுச் செய்" என்று திரும்பவும் உள்ளே போய்விட்டார். அவள் எரிச்சல் தணியவில்லை. யோசித்தால் வழி வரும் விஷயமாக இருந்தால் எப்போதோ வந்திருக்கும். ஜவுளிக்கடையோடு நிறுத்தினால் தான் தப்பலாம், மற்ற சுவர்களில் காற்று தொங்கும். மற்றதைச் சொன்னால் அவை இறங்கும், தான் மாட்டிக்கொள்வாள். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருந்தால் நன்றாக இருக்கும். பாத்திரம் கழுவும்போது தேடினாள், துணி மடிக்கும்போது தேடினாள். இல்லை.

விசாரித்தவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். மேஜைமேல் கோப்புகள் சரிந்து கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்பவும் அணைக்கவும் கிளப்பவுமாக இருந்தார்கள். இன்ஸ்பெக்டருக்கும் பொறுமை நூலில்தான் தொங்கியது என்பது பேனாவை அவர் தட்டுகிற விதத்திலேயே தெரிந்தது. உள்ளே விடமாட்டோம் என்று சொன்னபிறகும் கொழுந்தன் கதவோரம் நின்றான்.

பவுடரக்கா அட்டையை முதலில் கட்டுவதைச் சொன்னாள். லாரி வராததைச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் எழுதினார். "ஆக, தெரியாம நடந்துபோச்சு. யாருக்கும் எந்த நோக்கமும் இல்ல. உங்க முதலாளியும் இதைத்தான் சொல்றாரு. முடிச்சுக்கலாமா?"

கதவோரத்தில் கொழுந்தன் வேகவேகமாகத் தலையாட்டினான்.

"முடிக்கக் கூடாது மேடம்" என்றாள் பவுடரக்கா. "அது முதல் வரிசை. அன்னிக்கே முதலாளிகிட்ட சொன்னேன். முள்ளு பவுடரைக் காட்டாதுன்னும் நான்தான் சொன்னேன். அதுக்கப்புறம் லாட்ஜுக்குப் போச்சு, பல் ஆஸ்பத்திரிக்குப் போச்சு, தியேட்டருக்குப் போச்சு. அதெல்லாம் தெரியாம போனது இல்ல."

பேனா நின்றது. "யாருக்குத் தெரியும்?"

"அவருக்குத் தெரியும்."

"உங்களுக்கு?"

"எனக்கும் தெரியும்."

"எப்பலேருந்து?"

"லாட்ஜுக்குப் போன அன்னிக்குச் சந்தேகம். மூட்டை இளைக்கலன்னு பாத்தப்ப நிச்சயம். பல் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே நிச்சயம்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப பல் ஆஸ்பத்திரி சிலிண்டருக்கு அட்டை யார் கட்டினது?"

"நான்."

"நிரப்பறதுக்கு முன்னாடியே?"

"முன்னாடியேதான்."

"வெறுமனே போயிடும்னு தெரிஞ்சும்?"

பவுடரக்கா வாயைத் திறந்தாள். முதலாளியைச் சொல்லலாம், வேன்காரரைச் சொல்லலாம், நாளைக்கு மாற்றிவிடுவோம் என்றதைச் சொல்லலாம். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கேள்வி அவர்களைப் பற்றி இல்லை. அட்டையை நிரப்பியபின் கடைசியில் கட்டியிருந்தால் போதும். அட்டை இல்லாத சிலிண்டரை எந்தக் கடையிலும் மாட்ட முடியாது. அவ்வளவு எளிய வழி அவள் கையிலேயே இருந்திருக்கிறது. கோணல் திருகாணிக்காக ஊரைத் திட்டியவளுக்கு அது இந்த நாற்காலியில் உட்காரும்வரை தோன்றவில்லை. தோன்றவில்லையா, தோன்றவிடவில்லையா என்பதும் அவளுக்கே பிடிபடவில்லை.

"ஏன்மா கட்டினீங்க?"

"அட்டை அழுக்காயிடும்னு மேடம்."

"அழுக்காயிடும்னா?"

"எப்பவும் அப்படித்தான் கட்டுவேன்."

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடித் திறந்தார். திட்டப்போகிறார் என்றுதான் பவுடரக்கா நினைத்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் திட்டவில்லை. "இதை எழுதினா உங்க பேரும் குத்தம் சாட்டப்பட்டவங்களோட வரும். புரியுதா? கோர்ட்டு என்ன சொல்லுமோ எனக்குத் தெரியாது. நீங்களா சொன்னீங்கன்னு நானும் எழுதுவேன். ஆனா சாட்சியாத்தான் வெப்பாங்கன்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது."

"எழுதுங்க. ஆனா முதல்ல ஆளை அனுப்புங்க."

"எங்க?"

"லாட்ஜுக்கு. எழுதி முடிச்சு, படிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்கி, அதுக்கப்புறம் அனுப்பறதுன்னா பொழுது போயிடும். நான் எங்கயும் ஓடமாட்டேன்."

இன்ஸ்பெக்டர் மணியை அடித்தார். இரண்டு காவலர்கள் வந்தார்கள். லாட்ஜுக்கும், பல் ஆஸ்பத்திரிக்கும், தியேட்டருக்கும் வழி சொன்னாள். முள் பச்சையில்தான் நிற்கும், அதைப் பார்த்து விட்டுவிட்டு வராதீர்கள், எல்லாவற்றையும் இறக்குங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லப்போனபோது, "புரிஞ்சுதும்மா, புரிஞ்சுது!" என்று அவர்கள் ஓடினார்கள். ஜன்னலுக்கு வெளியே இத்தனை நேரம் இழுத்தடித்த வண்டி அவர்களுடையதுதான். அது கிளம்பிப் போகிறவரை அவள் பேனாவைத் தொடவில்லை.

வாக்குமூலத்தைப் படித்துக்காட்டியதில் ஓர் இடத்தில், முதலாளியின் வற்புறுத்தலால் கட்டியதாக எழுதியிருந்தது. இன்ஸ்பெக்டர் வேண்டுமென்றே அப்படி எழுதினாரா, வழக்கமாக அப்படி எழுதுவதா, தெரியாது. "அட்டையை முன்னாடி கட்டச்சொல்லி யாரும் வற்புறுத்தல மேடம்" என்றாள். இன்ஸ்பெக்டர் அந்த வரியை அடித்தார். அடித்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள், கீழேயும் போட்டாள்.

வெளி வராந்தாவில் கொழுந்தன் பொரிந்து தள்ளினான். "ஏன் அண்ணி இப்படி? அந்த அம்மா முடிச்சுக்கலாமான்னே கேட்டாங்க! கையில கொடுத்தாங்க! அதைவிடுங்க, வற்புறுத்தல்னு ஒரு வரி, அவங்களா போட்ட வரி, உங்களைக் காப்பாத்தற வரி, அதையும் அடிக்கச் சொன்னீங்க. என் பொழப்புல இப்படி ஒரு கட்சிக்காரரைப் பாத்ததே இல்ல."

"உன் பொழப்புல நீ எந்தக் கட்சிக்காரரைப் பாத்த?"

இருவரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். சமன்ஸ் வரும், கோர்ட்டுக்குப் போகவேண்டும், அதற்குள் வேறு வேலை தேடவேண்டும், வீட்டில் சொல்லவேண்டும் என்று அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிக்கொண்டே வந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்று மூச்சு விட்டாள்.

"சரி தம்பி. நடந்தது நடந்துபோச்சு. இப்ப ஜாமீன் வாங்கணுமே, அதுக்கு என்ன பண்ணணும்? அதையாவது ஒழுங்கா சொல்லு."

கொழுந்தன் வரப்போகும் பஸ்ஸைப் பார்ப்பதுபோல் தெருக்கோடியைப் பார்த்தான்.

"அது இன்னும் படிக்கல அண்ணி. அடுத்த வருஷப் பாடம்."